ஆறு ரூம் வீடும் அஞ்சலை கையெழுத்தும்

1

இந்த ஊரில் வருஷத்துக்கு ரெண்டு தடவை கடிகாரத்தைத் திருப்புறாங்க. வெயில் வரும்போது ஒரு மணி நேரம் முன்னால், குளிர் வரும்போது ஒரு மணி நேரம் பின்னால். போன ஞாயித்துக்கிழமை பின்னால் திருப்பின நாள். முந்தின நாள் சாயங்காலமே பேத்தி நிலா அடுப்பு மேலே இருக்கிற கடிகாரத்தை மாத்திவிட்டு, நாளைக்கு எல்லாரும் ஒரு மணி நேரம் கூடத் தூங்கலாம் என்று சந்தோஷமாகச் சொன்னாள். எல்லாரும் தூங்கினாங்க. நான் ஏழு மணிக்கு முன்னாடியே எழுந்து, குளித்து, தலை வாரி, நெத்திக்கு வெச்சுக்கொண்டு, போனும் கையுமாக ஜன்னல் ஓரம் உக்காந்தேன். ஒரு காகிதத்தில் அப்படி எழுதியிருக்கு. அந்தக் காகிதம் வந்த கதையைத்தான் நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்லலாம் என்று எழுதுறேன். வெளிநாட்டில் பிள்ளைகளோடு இருக்கிறவங்களுக்கு உபயோகப்படும்.

நான் மூணாங்கிளாஸ் வரைக்கும்தான் படிச்சேன். ஆனால் இது வரைக்கும் எந்த ஆபீஸிலும் கைநாட்டு வெச்சதில்லை. ரேஷன் கார்டிலிருந்து பாஸ்போர்ட் வரைக்கும் தனபாக்கியம் என்று ஒரு எழுத்து விடாமல் என் கையால் எழுதியிருக்கேன். மெதுவாக எழுதுவேன், அவ்வளவுதான்.

சொந்த ஊர் ஒரகடம் பக்கத்தில் வடக்குப்பட்டு. இப்போது இருக்கிறது கனடாவில், ஸ்கார்பரோவில், மகன் சேகர் வீட்டில். ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனி லைனில் வேலை பார்த்தவன், அந்த அனுபவத்தை வெச்சு இங்கே வந்தான். ரெண்டாவது குழந்தை பிறந்தபோது ஆறு மாசம் இருந்துவிட்டுப் போம்மா என்று கூப்பிட்டான். வந்தேன். இது அஞ்சாவது வருஷம்.

எனக்குக் கொடுத்திருக்கிற விசாவுக்கு சூப்பர் விசா என்று பேர். பேரைக் கேட்டால் பெரிய சங்கதி மாதிரி இருக்கும். பெத்தவங்க மட்டும் வரலாம், கூட வேற யாரையும் கூட்டிக்கொண்டு வர முடியாது. அந்த வேற யாரில்தான் என் மகள் செல்வி நின்றுவிட்டாள்.

செல்விக்கு முப்பத்தெட்டு வயசு. பிறந்ததிலிருந்து மூளை வளர்ச்சி கம்மி. நாலஞ்சு வார்த்தைக்கு மேல் பேச மாட்டாள். பல் விளக்குவாள், தானே சாப்பிடுவாள், கதவைத் திறந்து விட்டால் ரோட்டுக்குப் போய்விடுவாள். அவளை வடக்குப்பட்டில் எங்கள் வீட்டில் அஞ்சலைகிட்ட விட்டுவிட்டு வந்தேன். அஞ்சலை, காலமான என் வீட்டுக்காரரோட தங்கச்சி. எனக்கு நாத்தனார்.

2

எங்கள் வீடு ஆறு ரூம் வீடு. கம்பெனிக்கு நிலம் எடுத்தபோது வந்த பணத்தில் மனை வாங்கி, வரிசையாக ஆறு ரூம் கட்டினோம். என் பேரில்தான் ரிஜிஸ்டர். ஒரு ரூமில் அஞ்சலையும் செல்வியும். மிச்ச அஞ்சும் வாடகைக்கு. தருமபுரி, விழுப்புரம் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வர்ற பொண்ணுங்க. ஷிப்டுக்குப் போறதும் வர்றதுமாக வாசல் எப்போதும் நடமாட்டமாக இருக்கும். அந்த வாடகையில்தான் செல்விக்குச் சோறு, மாத்திரை, துணி எல்லாம்.

போன மாசி மாசம் சுங்குவார்சத்திரத்து புரோக்கர் ஒருத்தர் சேகருக்குப் போன் பண்ணினார். லாரி நிறுத்த இடம் வேணுமாம், நல்ல விலை வருமாம். சேகர் உடனே வித்துடலாம் என்று சொல்லலை. "உனக்கும் எழுபத்தொண்ணு ஆகுதும்மா. இன்னா செய்யறதுன்னு இப்பவே எழுதி வெச்சுடலாம்" என்றான். நியாயந்தான். ஒரு சனிக்கிழமை வக்கீல் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனான். கீழே மளிகைக்கடை, மேலே வக்கீல். யாழ்ப்பாணத்து அம்மா, நாப்பது வயசு இருக்கும்.

நான் வூடு, வாசல், கீது என்று பேசினதில் பாதி அந்தம்மாவுக்குப் புரியலை. அவங்க பேசினதில் பாதி எனக்குப் புரியலை. சேகர் நடுவில் உக்காந்து தமிழிலிருந்து தமிழுக்கு மாத்திச் சொன்னான். உங்களுக்குப் பிறகு வீடு யாருக்கு என்று கேட்டாங்க. சேகர் பதில் சொல்ல வாயைத் திறந்தான். "தம்பி, அம்மா கதைக்கட்டும்" என்றாங்க. அதிலிருந்து எனக்கு அந்தம்மாவைப் பிடித்துப்போச்சு.

செல்விக்கு எழுதி வைக்கணும் என்றேன். அவங்க தலையாட்டிவிட்டு நிதானமாகச் சொன்னாங்க. செல்வி பேரிலேயே வீட்டை எழுதி வெச்சால், நாளைக்கு யார் வேணும்னாலும் அவள் விரலைப் பிடித்து எதில் வேணும்னாலும் ஒத்திக்கொண்டு போகலாம். அது செல்லாது என்று கோர்ட்டில் சொல்லி முடிக்கிறதுக்குள் அவள் தெருவில் நிப்பாள். சேகர் பேரில் எழுதி, தங்கச்சியைப் பார்த்துக்கோ என்று வாயால் சொல்லிவிட்டுப் போனால், சேகர் நல்லவர்தான், ஆனால் வீடு அவர் சொத்தாகிடும். அவருக்குக் கடன் வந்தால் கடன்காரன் அந்த வீட்டைத்தான் பார்ப்பான். அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா வீடு அவர் வாரிசுக்குப் போகும். மூணாவது வழி டிரஸ்ட்.

எங்கள் பக்கம் டிரஸ்ட் என்றால் கோயில், பள்ளிக்கூடம், ஆம்புலன்ஸ் வண்டி. வாசலில் போர்டு மாட்டணுமா என்று கேட்டேன். சேகர் சிரிச்சான். வக்கீலம்மா சிரிக்கலை. குடும்பத்துக்குள்ளேயே ஒரு ஆளுக்காக மட்டும் டிரஸ்ட் எழுதலாமாம். வீட்டை நம்பிக்கையான ஒருத்தர் கையில் ஒப்படைக்கிறது. பத்திரத்தில் அவங்க பேர் இருக்கும், ஆனால் வீடு அவங்க சொத்து இல்லை. வாடகை வாங்கணும், பழுது பார்க்கணும், பலன் எல்லாம் செல்விக்குப் போகணும். விக்கக் கூடாது என்று எழுதினால் விக்கக் கூடாது.

எனக்கு அது சட்டென்று புரிஞ்சுபோச்சு. என் வீட்டுக்காரர் நிலம் போன பிற்பாடு அதே நிலத்தில் நின்ன கம்பெனிக்கு செக்யூரிட்டி வேலைக்குப் போனார். கேட்டுச் சாவிக் கொத்து பூராவும் அவர் இடுப்பில் இருக்கும். ஒரு ஆணியைக்கூட அங்கிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. அந்த மாதிரி ஆள் வேணும் என்கிறீங்க, அவ்வளவுதானே என்றேன். "ஓம் அம்மா, அதேதான். உங்களிட்ட அப்பிடி ஆர் இருக்கினம்?" என்று கேட்டாங்க.

சேகர் இருக்கான் என்றேன். வேற என்ன சொல்றது, பக்கத்திலேயே உக்காந்திருக்கான்.

3

நிலம் அங்கே இருக்கிறதால் பத்திரத்தை அங்கேதான், அந்த ஊர் சட்டப்படி, அந்த ஊர் வக்கீலை வெச்சு எழுதணும் என்று சொல்லிட்டாங்க. ஆனால் ஒரு வேலை கொடுத்தாங்க. கோடு போட்ட நோட்டு ஒண்ணு. செல்வியைப் பத்தி எல்லாத்தையும் அதில் எழுதச் சொன்னாங்க. என்ன சாப்பிடுவா, எதுக்குப் பயப்படுவா, என்ன மாத்திரை, எப்படித் தூங்குவா. நாளைக்கு டிரஸ்டை நடத்துறவங்க அதைப் பார்த்து நடப்பாங்களாம். பத்திரத்தோடு அதையும் வெச்சுக்கணுமாம். சேகர் நான் டைப் பண்ணித் தரேன் என்றான். வேண்டாம், அம்மா கையாலேயே எழுதட்டும் என்றாங்க.

பதினொரு நாள் எழுதினேன். மருமகள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு சமையல் மேஜையில் உக்காந்து எழுதுவேன். வெளியே பனி கொட்டும். உள்ளே நான், "செல்விக்கு இடி என்றால் பயம், மழை நாளில் கட்டிப் பிடித்துக்கொண்டு படுக்கணும்" என்று எழுதுவேன். ஒருநாள் நிலா எட்டிப் பார்த்து, செல்வி அத்தைக்கு என்ன கலர் பிடிக்கும் பாட்டி என்று கேட்டாள். அத்தையை போனில் பார்த்தால் கையை ஆட்டிவிட்டு ஓடிப்போற பொண்ணு. மஞ்சள் என்று சொன்னேன், எழுதியும் வெச்சேன். அஞ்சு பக்கம் வந்தது. பெருமையாகத்தான் இருந்தது. பெத்தவளைத் தவிர வேற யாரால் இவ்வளவு எழுத முடியும் என்று நினைச்சேன்.

எதுக்கும் அஞ்சலைக்கு ஒரு தடவை படிச்சுக் காட்டலாம் என்று போன் போட்டேன். அவளுக்குத் தெரியட்டும் என்றுதான், அவகிட்ட கேக்கணும் என்று இல்லை.

இடி என்று ஆரம்பிச்சதுமே அவள் சொன்னாள், அதெல்லாம் போய் ரெண்டு வருஷம் ஆச்சு, இப்போது காதில் பஞ்சு வெச்சுக்கொண்டு ஜன்னல்கிட்ட நின்று பார்க்கிறாள் என்று. கத்திரிக்காய் சாப்பிட மாட்டாள் என்று படிச்சேன். "நீ போட்டதில்ல அண்ணி. உனக்கு ஆவாது, அதனால அதுக்கும் ஆவாதுன்னு வெச்சிகினே" என்றாள். எண்ணத் தெரியாது என்று படிச்சேன். அதுக்கு அவள் சிரிச்சாள். வாசலில் செருப்பு விடுற இடத்தை செல்விதான் பார்த்துக்கிறாளாம். ரூம் பொண்ணுங்க செருப்பை ஜோடி ஜோடியாக வரிசை வைப்பாளாம். யாருடைய செருப்பு எது என்று தெரியுமாம். ஷிப்டுக்குப் போன பொண்ணோட செருப்புக்கு வரிசையில் இடம் விட்டு வைப்பாளாம். அந்த இடம் நிறையலை என்றால் வாசல் கேட்டுக்குப் பக்கத்திலேயே போய் நிப்பாளாம். ஒரு தடவை ஒரு பொண்ணு பஸ்ஸைத் தவற விட்டு வரலை. சொல்லாமலே அஞ்சலைக்குத் தெரிஞ்சது, செல்வி கேட்டை விட்டு நகராததால்.

வல்லக்கோட்டை கோயில் கூட்டம் பயம் என்று எழுதியிருந்தேன். கூட்டமில்லாத நாளாகப் பார்த்து மாசம் ஒரு தடவை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போறாளாம், செல்வி முருகனைப் பார்க்கிறதை விட டிக்கெட் வாங்கத்தான் ஆசையாகப் போறாளாம். மாசத்தில் அந்த மூணு நாளுக்குக் காலண்டரில் குங்குமத்தால் புள்ளி வெச்சுப் பழக்கியிருக்காளாம். இதெல்லாம் இத்தனை வருஷமாக நான் கேக்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

கடைசியில் மாத்திரைக்கு வந்தேன். வலிப்பு மாத்திரை காலையில் ஒண்ணு என்று படிச்சேன். அஞ்சலை சட்டென்று குறுக்கிட்டாள்.

"அண்ணி, அத மட்டும் உடனே அடிச்சுடு. ரெண்டு வருஷமா ராத்திரிக்கும் ஒண்ணு குடுக்கறோம். நடுவுல ஒரு நாள் வுட்டுப்போச்சுன்னு அது இன்னா பாடு பட்டுச்சு தெரியுமா?"

எனக்கு ஏன் சொல்லலை என்று கேட்டேன். சொன்னால் நீ அங்கே சாப்பிட மாட்டே என்றாள்.

போனை வெச்சுவிட்டு அந்த அஞ்சு பக்கத்தையும் பார்த்தேன். என் செல்வி நான் விமானம் ஏறின அன்னைக்கே நின்றுபோயிருந்தாள். நான் எழுதினது அந்த செல்வியை. இந்தக் காகிதத்தை நம்பி ஒருத்தன் மாத்திரை கொடுத்திருந்தால் என் பிள்ளை என்ன ஆகியிருப்பாள்.

4

இங்கே ஒரு விஷயம் சொல்லியாகணும். சொல்லாமல் மேலே எழுதினால் பொய்யாகப் போகும்.

கம்பெனிக்கு எடுத்த நிலம் என் மாமனார் பேரில் இருந்தது. மாமனாருக்கு என் வீட்டுக்காரரும் அஞ்சலையும் ரெண்டே பிள்ளைகள். பணம் வாங்க அஞ்சலை விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கணும், எனக்குப் பங்கு வேண்டாம் என்று. எங்கள் பக்கம் இது வழக்கம். கூடப் பிறந்த பொண்ணை ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போவாங்க, கையெழுத்து வாங்குவாங்க, வர்ற வழியில் ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்து ஓட்டலில் சாப்பாடு வாங்கிக் கொடுப்பாங்க. யாரும் தப்பாக நினைக்க மாட்டாங்க. அந்தப் புடவையைக் காஞ்சிபுரத்தில் எடுத்தது நான்தான். மாம்பழக் கலர்.

அவள் புருஷன் செத்து, பொண்ணு ரேவதியோடு எங்கள்கிட்ட வந்தபோது, ஆறாவது ரூமைக் கொடுத்தேன். மூணு வருஷம் அவகிட்ட வாடகையும் வாங்கினேன். சும்மா கொடுத்தால் மரியாதை இருக்காது என்று அப்போது ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அவள் பங்கில் கட்டின ரூமுக்கு அவள் வாடகை கொடுத்தாள். ஒரு நாளும் வாயைத் திறந்து ஒண்ணும் கேட்டதில்லை. நான் அதை அவளுக்கு ஒண்ணும் தெரியாது என்று எடுத்துக்கொண்டேன்.

5

சேகர்கிட்ட பேச ரெண்டு வாரம் ஆச்சு எனக்கு. ஒரு சனிக்கிழமை அவன் காய்கறி நறுக்கிக்கொண்டு இருந்தான். டிரஸ்டுக்கு அஞ்சலையைப் போடலாம் என்றேன். கத்தியைக் கீழே வெச்சான்.

"அத்தையா? ஏம்மா, என்னை நம்ப மாட்டியா?"

நம்பாமல் இல்லை என்று சொன்னேன். அவன் கெட்டவன் இல்லை. மாசாமாசம் போன் பண்ணுவான், துணி அனுப்புவான். அவன் மனசில் வேற ஒரு கணக்கு இருந்தது. வீட்டை வித்துவிட்டு, தாம்பரம் பக்கத்தில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு நடத்துற நல்ல இல்லத்தில் செல்வியைச் சேர்க்கலாம், டாக்டர் இருப்பாங்க, பணம் பேங்கில் இருக்கட்டும் என்று. அதுவும் தப்பில்லை. எத்தனையோ வீட்டில் அதுகூட இல்லை.

நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "செல்வி இப்ப இன்னா மாத்திரை சாப்புடுது, சொல்லு."

அவன் யோசிச்சான். காலையில் ஒண்ணு என்றான்.

"நானும் அப்படித்தான்டா எழுதினேன்" என்றேன்.

 அவன் வெங்காயம் நறுக்க ஆரம்பிச்சான். கொஞ்ச நேரம் கழிச்சு, அத்தைக்கு பேங்க், வரி எல்லாம் தெரியாதேம்மா, யாராவது ஏமாத்தினால் என்றான். அந்தக் கவலையும் சரிதான். அதனால் வக்கீலம்மா சொன்ன மாதிரி வெச்சோம். டிரஸ்டை நடத்துறது அஞ்சலை. அவளுக்கு அப்புறம் ரேவதி. அது சுங்குவார்சத்திரத்தில் ஒரு போன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கு, கணக்கு வழக்கு தெரிஞ்ச பொண்ணு. வருஷத்துக்கு ஒரு தடவை சேகருக்குக் கணக்குக் காட்டணும். தப்பு நடந்தால் ஆளை மாத்த அவனுக்கு அதிகாரம். செல்வி இருக்கிற வரைக்கும் வீட்டை விக்கவோ அடகு வைக்கவோ யாருக்கும் உரிமை இல்லை. அஞ்சலை உயிரோடு இருக்கிற வரைக்கும் அந்த வீட்டில் வாடகை இல்லாமல் இருக்கலாம். செல்விக்கு அப்புறம் பாதி சேகருக்கு, பாதி ரேவதிக்கு.

கடைசி வரியைச் சொன்னபோது சேகர் நிமிர்ந்து பார்த்தான். மாம்பழக் கலர் புடவையைப் பத்திச் சொன்னேன். அவனுக்கு அந்தக் கதையே தெரியாது. கேட்டுவிட்டு, "சரிம்மா, அப்படியே எழுது" என்றான்.

பவர் எழுதி அனுப்பினால் நீங்கள் போகவே வேண்டாம், இங்கேயே தூதரகத்தில் சீல் போடலாம் என்று எல்லாரும் சொன்னாங்க. நான் கேக்கலை. அஞ்சலைகிட்ட போனில் கேக்கிற விஷயமா இது.

6

ஆடி மாசம் போய் இறங்கினேன். ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஒரகடம் வரைக்கும் ரோடு எனக்குச் சரியாக அடையாளம் தெரியலை. செல்வி கேட்டில் நின்றுகொண்டு இருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வரலை. என் காலைப் பார்த்தாள். நான் செருப்பைக் கழட்டினதும் எடுத்துக்கொண்டு போய் வரிசையில் முதல் இடத்தில் வெச்சாள். அதுக்கப்புறம்தான் என் கையைப் பிடிச்சாள்.

மறுநாள் அஞ்சலை மாவு அரைச்சுக்கொண்டு இருந்தபோது கேட்டேன். இந்த மாதிரி டிரஸ்ட், நீ நடத்தணும் என்றேன். அவள் கிரைண்டரை நிறுத்திவிட்டு எல்லாத்தையும் கேட்டாள். 

"நடத்தறேன் அண்ணி. இப்பவும் அதான் நடத்திகினு கீறேன். ஆனா ஒண்ணு, இந்தத் தடவ பத்திரத்த மொதல்லேர்ந்து கடைசி வரிக்கும் எனக்குப் படிச்சுக் காட்டணும். போன தடவ யாரும் படிச்சுக் காட்டல."

சரி என்றேன். 

ஸ்ரீபெரும்புதூர் வக்கீல் பத்திரம் தயார் பண்ண மூணு வாரம் ஆச்சு. ஆதார் கொண்டா, பட்டா கொண்டா, வில்லங்கம் போடு, செல்வியோட மாற்றுத்திறனாளி அட்டை கொண்டா என்று நாலு தடவை நடக்க வெச்சாங்க. பத்திரம் வீட்டுக்கு மட்டுந்தான், செல்விக்கு கார்டியன் என்று தனியாகக் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கணும் என்றார் வக்கீல். அதையும் அஞ்சலை பேரில் கொடுத்தோம். இந்த மாதிரிப் பிள்ளை இருக்கிறவங்க இந்த ரெண்டாவது வேலையை மறந்துடாதீங்க.

ரிஜிஸ்டர் அன்னைக்கு செல்வியையும் கூட்டிக்கொண்டு போனோம். அவள் மஞ்சள் சுடிதார் போட்டு பெஞ்சில் உக்காந்து பிஸ்கட் சாப்பிட்டாள். பத்திரம் எழுதுறவர் கடையில் வெச்சு, அவரை முழுசாகப் படிக்கச் சொன்னாள் அஞ்சலை. அவர் அவசரமாகப் படிச்சால் நிறுத்தி, திரும்ப அந்த வரிக்கு வரச் சொன்னாள். எனக்குப் பின்னால் நின்ன ஜனங்க முணுமுணுத்தாங்க. பாதி ரேவதிக்கு என்ற வரி வந்தபோது என்னைத் திரும்பிப் பார்த்தாள். அது அவளுக்கு முன்னாடி தெரியாது, நான் சொல்லலை.  மேலே படிங்க என்றாள்.

நான் என் பேரை எழுதினேன். அடுத்தது அஞ்சலை. பத்திரம் எழுதுறவர் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் மை டப்பாவை நகர்த்தினார். அஞ்சலை அதை ஒரு விரலால் ஓரமாகத் தள்ளினாள்.

"பேனா குடு."

ச. அஞ்சலை என்று எழுதினாள். வேகமாக, ஒரே சீராக. என் கையெழுத்துப் பக்கத்தில் அதைப் பார்த்தால் என்னுடையது குழந்தை எழுதின மாதிரி இருந்தது. ஏய், உனக்கு எழுதத் தெரியுமா என்று கேட்டுவிட்டேன்.

"அஞ்சாவது வரிக்கும் படிச்சவ அண்ணி நானு. அன்னிக்கு எல்லாரும் மை டப்பாவத்தான் நீட்டுனீங்க. பேனாவ யாரு நீட்டுனது?"

கோவமாகச் சொல்லலை. பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள். அதுக்கப்புறம் உள்ளே போய் போட்டோ எடுத்தாங்க, மிஷினில் விரல் வெச்சோம். பாத்திரம் தேய்ச்ச விரல் என்பதால் ரெண்டு பேர் ரேகையும் லேசில் விழலை. அப்போதுதான் ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சோம். திரும்பி வர்றபோது நான் புடவைக்கடைப் பக்கம் பார்க்கவே இல்லை. எல்லாரும் ஓட்டலில் சாப்பிட்டோம், பணம் அஞ்சலை கொடுத்தாள்.

7

பழைய நோட்டை அவகிட்டயே விட்டுவிட்டு வந்தேன். அடிச்சு எழுதிக்கோ என்றேன். இங்கே திரும்பி வந்தபோது நிலா காத்துக்கொண்டு இருந்தாள், அத்தைக்கு மஞ்சள் சுடிதார் பிடிச்சுதா என்று முதல் கேள்வி. இங்கே இன்னொரு குழந்தை என் கையால் சோறு சாப்பிடுது. ரெண்டு இடத்திலும் இருக்க எனக்கு வழி தெரியலை.

ஐப்பசி ஆரம்பத்தில் அஞ்சலை அந்த நோட்டுப் பக்கங்களைப் போட்டோ பிடிச்சு ரேவதி போனிலிருந்து அனுப்பினாள். என் எழுத்துக்கு நடுவில் அவள் எழுத்து. கத்திரிக்காய் அடிச்சிருந்தது. மாத்திரை திருத்தியிருந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில் நான் எழுதாத ஒண்ணு இருந்தது:

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அதோட அம்மா போன் பண்ணணும். ஆறு மணிக்கு செல்வி போனை மடியில வெச்சிகினு உக்காரும். அம்மாகிட்ட பேசாம சாப்பிடாது. குளிர் மாசத்துல அம்மா ஏழு மணிக்குத்தான் பண்றாங்க. அந்த ஒரு மணி நேரமும் அப்படியே உக்காந்துகினு இருக்கும்."

நான் ரெண்டு மூணு தடவை படிச்சேன். நான் எப்போதும் இங்கே ஞாயித்துக்கிழமை காலையில் எட்டரைக்குப் பேசுவேன். ஒரு நாள் தவறினதில்லை, அதில் எனக்குப் பெருமை உண்டு. இங்கே கடிகாரத்தைத் திருப்பினதும் என் எட்டரை அங்கே ஏழு மணி ஆயிடுது. அங்கே செல்விக்குக் கடிகாரத்தைத் திருப்ப யாரும் இல்லை. வருஷா வருஷம் நாலு மாசம், வாரா வாரம் ஒரு மணி நேரம்.

அதனால்தான் போன ஞாயித்துக்கிழமை ஏழரைக்கெல்லாம் தயாராக உக்காந்திருந்தேன். முதல் மணியிலேயே எடுத்தாங்க. திரை பூராவும் செல்வி நெத்தி. "ம்மா" என்றாள். நான் பேசினேன், அவள் கேட்டாள். அஞ்சலை போனை வாங்கி, "இன்னா அண்ணி, அங்க கடியாரம் மாத்தலியா?" என்றாள். மாத்திட்டாங்க, காகிதத்தில் ஆறு மணி என்று எழுதியிருக்கே, அதன்படிதானே நடக்கணும் என்றேன். அவள் லேசாகச் சிரிச்சாள். அதுக்குள் செல்வி தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள் போல. இரு, சோறு போட்டுட்டு வரேன் என்று போனைச் சுவரில் சாய்ச்சு வெச்சுவிட்டுப் போனாள்.

எனக்கு வாசல் தெரிஞ்சது. ரூம் பொண்ணுங்க செருப்பு வரிசை. ஞாயித்துக்கிழமை, எல்லாரும் வீட்டில்தான் இருந்தாங்க, உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. ஆனால் வரிசையில் முதலில் ஒரு ஜோடிக்கு இடம் விட்டிருந்தது.

அஞ்சலை திரும்பி வந்ததும் எந்தப் பொண்ணு இன்னும் வரலை என்று கேட்டேன்.

"எல்லாரும் வந்துட்டாங்க அண்ணி. அது உன் எடம்."